கண்ணின்றிப் பயிலும் தோழியர்க்கும் கணினிப் பாடம்

தறியோசை கேட்டு வளர்ந்தவர்கள் நாம். நம் பிள்ளையார்பாளையத்துத் தறியின் மேலே, ஜக்கார்டு பெட்டியில் துளையிட்ட அட்டைகள் கோத்திருப்பதைக் கண்டிருப்பீர்கள். துளை உள்ள இடத்தில் பாவு நூல் மேலெழும். இல்லாத இடத்தில் எழாது. தறிக்குக் கண் இல்லை. எனினும் அட்டை சரியாக இருந்தால் சேலையில் மயிலும் மாங்காயும் மலர்கின்றன. ஒரு துளை தவறினால் புட்டாவில் குறை விழுகிறது.

பார்வையற்றோர் கணினியில் பயில்வதும் இத்தகையதே. 1829-ஆம் ஆண்டில் லூயி பிரெயில் வெளியிட்ட ஆறு புள்ளி எழுத்தை அவர்கள் விரலால் படிக்கிறார்கள். கணினியிலோ, திரையில் உள்ளதைத் திரைவாசிப்பு மென்பொருள் குரலாக்கிச் சொல்கிறது. ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த பார்வையற்ற இளைஞர் மைக்கேல் கரன் 2006-இல் உருவாக்கத் தொடங்கிய என்.வி.டி.ஏ. இலவசமாகக் கிடைக்கிறது, தமிழையும் வாசிக்கிறது. சென்னை லிட்டில் பிளவர் கான்வென்டில் பயின்ற பெனோ ஜெபைன், ஜாஸ் என்னும் மென்பொருளின் துணையோடும் படித்து, 2015-இல் இந்திய வெளியுறவுப் பணியில் சேர்ந்தார். முழுமையாகப் பார்வையற்றோருள் அப்பணியை எய்திய முதல்வர் அவரே.

அப்படியாயின் தடை எங்கே? பாடத்தை அமைக்கும் முறையிலேதான்.

முதலாவது, புத்தகப் பக்கத்தைப் படமெடுத்து இணையத்தில் ஏற்றினால், அதில் எழுத்து இருப்பதை மென்பொருள் பெரும்பாலும் அறியாது, வாய் திறவாது.

இரண்டாவது, பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டச்சிட்ட பாடம் கண்ணுக்குத் தமிழ். உள்ளேயோ ஆங்கில எழுத்துகள். பொருளற்ற ஒலியே கேட்கும்.

மூன்றாவது, பெயரிடாத பொத்தான்கள். மென்பொருள் "பொத்தான், பொத்தான்" என்றே சொல்லிச் செல்லும். தேர்வில் விடையை அனுப்புவது எது, அழிப்பது எது? விடை அறிந்த மாணவியும் அங்கே தோற்றுப் போவாள். "சிவப்புக் கட்டத்தை அழுத்துக" என்னும் கட்டளையும் அவளுக்குப் பயன்படாது.

இவற்றை நீக்குவது அரிதன்று. தமிழை யூனிகோடில் தட்டச்சிடுதல், ஒவ்வொரு படத்திற்கும் ஓரிரு வரி விளக்கம் தருதல், பொத்தானுக்குப் பெயர் சூட்டுதல், சுட்டியின்றி விசைப்பலகையாலேயே இயங்கச் செய்தல் ஆகியவை போதும். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமும் கல்வியும் தகவலும் அவர்களுக்கு எட்ட வேண்டும் என்கிறது. ஆகவே இது இரக்கம் அன்று, உரிமை.

பெற்றோரே, தோழியரே! ஆண்ட்ராய்டு கைபேசியில் உள்ள டாக்பேக் வசதியை இயக்கி, கண்களை மூடிக்கொண்டு ஒரு பாடத்தைத் திறந்து பாருங்கள். எங்கே வழி அடைபடுகிறது என்பது அப்போது விளங்கும். சேலையின் அழகு அட்டையில் துளையிடுபவர் கையில். ஒரு தோழியின் கல்வி பாடத்தைத் தட்டச்சிடும் நம் கையில் அன்றோ! துளை தவறாது செய்ய முயல்வோமாக.