மந்த காலத்தில் இணையதள விளம்பர வருவாய்

பொருளாதார மந்தம் ஏற்படும்போது ஆலைகளில் உற்பத்தி குறைகிறது, கடைகளில் சரக்கு தேங்குகிறது, வேலைவாய்ப்பு சுருங்குகிறது. இவை அனைவரும் அறிந்த விளைவுகள். ஆனால் இவை முற்றுவதற்கு முன்பே தொழில் நிறுவனங்கள் தங்கள் விளம்பரச் செலவைக் குறைத்துவிடுகின்றன. கடனுக்கு வட்டி செலுத்தாமல் இருக்க இயலாது. தொழிலாளரை நீக்கச் சட்டமும் ஒப்பந்தமும் குறுக்கே நிற்கும். விளம்பரத்தை மட்டும் ஒரே நாளில் நிறுத்திவிடலாம். எனவே மந்தத்தின் முதல் அடி விளம்பரத்தை நம்பியிருப்போர் மீது விழுகிறது. படிப்போரிடம் கட்டணம் பெறாமல், விளம்பர வருவாயைக் கொண்டே நடைபெறும் இணையதளங்கள் இவ்வகையில் முன்வரிசையில் நிற்கின்றன.

விலை உருவாகும் முறை

செய்தித்தாளில் விளம்பரம் செய்வதற்குக் கட்டண அட்டவணை உண்டு. இணையதளங்கள் பெரும்பாலானவற்றுக்கு அத்தகைய நிலையான கட்டணம் இல்லை. வாசகர் ஒருவர் ஒரு பக்கத்தைத் திறக்கும் நொடிப்பொழுதில், அப்பக்கத்திலுள்ள விளம்பர இடம் கணினி வழியே ஏலம் விடப்படுகிறது. அதிக விலை கேட்கும் நிறுவனத்தின் விளம்பரம் இடம்பெறுகிறது. இவ்விலை ஆயிரம் முறை காட்டப்படுவதற்கு இவ்வளவு என்றோ, ஒருமுறை சொடுக்கப்படுவதற்கு இவ்வளவு என்றோ கணக்கிடப்படும்.

ஏலத்தில் கேட்போர் குறைந்தால் விலை இறங்கும். மந்த காலத்தில் நிகழ்வது இதுவே. வீட்டில் முடங்கியோரும் வேலை தேடுவோரும் இணையத்தை அதிகமாகப் பயன்படுத்துவதால் விளம்பர இடங்களின் அளிப்பு பெருகுகிறது. அவற்றை வாங்குவோரின் தேவையோ சுருங்குகிறது. அளிப்பும் தேவையும் எதிர்த்திசைகளில் செல்வதால் விலை இருமடங்கு வேகத்தில் சரிகிறது.

ஓர் எடுத்துக்காட்டைக் கொள்வோம். ஓர் இணையதளத்தில் மாதந்தோறும் 10 லட்சம் பக்கங்கள் பார்க்கப்படுகின்றன என்றும், பக்கத்துக்கு ஒரு விளம்பரம் வீதம், ஆயிரம் காட்சிகளுக்கு 40 ரூபாய் கிடைக்கிறது என்றும் வைத்துக்கொண்டால், மாத வருவாய் 40,000 ரூபாய். மந்தத்தின்போது பார்வை 12.5 லட்சமாக உயர்ந்து, விலை 24 ரூபாயாக இறங்கினால் வருவாய் 30,000 ரூபாயாகிறது. ஐந்தில் ஓர் இடம் விற்காமல் போனால் எஞ்சுவது 24,000 ரூபாயே. வாசகர் தொகை கால் பங்கு கூடியும் வருவாய் 40 சதவீதம் குறைந்துவிடுகிறது. அதிக வாசகருக்கேற்பக் கணினிச் சேவைச் செலவு கூடுவது தனி.

மூன்று மந்தங்கள் தரும் பாடம்

இணைய விளம்பர வருவாய் நெடுங்காலமாக முறையாகக் கணக்கிடப்பட்டு வருவது அமெரிக்காவில். எனவே அங்குள்ள அனுபவம் ஆராயத்தக்கது. 2000ஆம் ஆண்டில் அந்நாட்டின் இணைய விளம்பர வருவாய் சுமார் 810 கோடி டாலர். அது 2001இல் 710 கோடியாகவும் 2002இல் 600 கோடியாகவும் வீழ்ந்தது. அக்காலத்தில் இணையதளங்களில் விளம்பரம் செய்தவற்றுள் பல, பங்குச் சந்தை ஏற்றத்தில் முதலீடு திரட்டிய புதிய இணைய நிறுவனங்களே. முதலீடு வற்றியதும் விளம்பரமும் வற்றியது. யாஹூ நிறுவனத்தின் வருவாய் 2000இல் சுமார் 111 கோடி டாலராக இருந்து, மறு ஆண்டில் சுமார் 72 கோடியாகக் குறைந்தது. ஒரே வகை விளம்பரதாரரை நம்பியிருப்பதன் ஆபத்தை இது காட்டுகிறது.

2008ஆம் ஆண்டு நிதி நெருக்கடியில் வீழ்ச்சி இவ்வளவு கடுமையாக இல்லை. 2008இல் 2,340 கோடி டாலராக இருந்த வருவாய் 2009இல் 2,270 கோடியாயிற்று. 2010இல் 2,600 கோடியாக மீண்டது. ஆனால் இந்தச் சிறு சரிவுக்குள் பெரும் வேறுபாடு மறைந்திருந்தது. தேடுபொறி விளம்பரம் 2009இலும் சற்று உயர்ந்தது. வேலை, வீடு, வாகனம் ஆகியவற்றுக்கான வரி விளம்பர வருவாயோ கால் பங்குக்கும் மேல் குறைந்தது. நெருக்கடியான நேரத்தில், செலவிடும் தொகைக்கு உடனடிப் பலன் தெரியும் விளம்பரத்தையே நிறுவனங்கள் நாடுகின்றன. பொருள் வாங்கும் எண்ணத்துடன் தேடுபவர் முன் தோன்றும் விளம்பரம் நிலைக்கிறது. கட்டுரையின் ஓரத்தில் தோன்றுவது கைவிடப்படுகிறது.

2020ஆம் ஆண்டில் கொரோனா பெருந்தொற்றால் ஏற்பட்ட முடக்கம் மூன்றாவது சோதனை. அவ்வாண்டு ஏப்ரல்-ஜூன் காலாண்டில் கூகுளின் தாய் நிறுவனமான ஆல்ஃபபெட்டின் வருவாய், முந்திய ஆண்டின் அதே காலாண்டை விட 2 சதவீதம் குறைந்தது. அந்நிறுவன வரலாற்றில் இதுவே முதல் சரிவாகும். அடுத்த காலாண்டிலேயே அது 14 சதவீதம் வளர்ந்தது. செய்தித் தளங்களின் நிலை வேறு. தொற்று பற்றிய செய்தியை மக்கள் பெருமளவில் படித்தபோதிலும், துயரச் செய்தியின் அருகே தங்கள் பொருள் தோன்றுவதை விரும்பாத நிறுவனங்கள், அச்சொற்கள் இடம்பெற்ற பக்கங்களை விலக்குமாறு கணினிக்குக் கட்டளையிட்டன. மக்களுக்கு மிகவும் தேவைப்பட்ட செய்தியே மிகக் குறைந்த வருவாயை ஈட்டியது.

சுமை யார் மீது?

பெருந்தளங்களுக்கு முதலிருப்பும், பல நாடுகளில் பரவிய சந்தையும் உண்டு. சிறு தளங்களுக்கு இவை இல்லை. இடைநிலை நிறுவனத்தின் வாயிலாக விளம்பரம் பெறுபவை விலையை நிர்ணயிக்க இயலாதவை; கிடைக்கும் தொகையிலும் இடைநிலை நிறுவனத்தின் பங்கு கழிக்கப்படுகிறது. கூகுளின் ஆட்சென்ஸ் திட்டத்தில் தளத்துக்குரிய பங்கு 68 சதவீதம் என அந்நிறுவனம் 2010இல் வெளியிட்டது.

இந்திய மொழிகளில் இத்திட்டம் காலந்தாழ்ந்தே வந்தது. இந்திக்கு 2014இலும் தமிழுக்கு 2018இலும் அது கிட்டியது. எனவே 2020இன் முடக்கம் வந்தபோது, தமிழ்த் தளங்கள் இத்திட்டத்தின் வாயிலாக வருவாய் ஈட்டத் தொடங்கி ஈராண்டுகளே ஆகியிருந்தன. நல்ல காலத்தில் சேமிப்புத் திரட்ட அவற்றுக்கு அவகாசம் இருக்கவில்லை. வட்டாரச் செய்தி, வேளாண்மைத் தகவல், மாணவர் பாடம் ஆகியவற்றை வழங்கும் ஒரு சிறு தளம் மூடப்பட்டால், அவ்வட்டார மக்கள் தங்கள் மொழியில் பெற்ற தகவலே நின்றுபோகும். இது வெறும் வணிக நட்டமன்று.

தற்காப்பு வழிகள்

மந்தத்தைத் தடுப்பது இணையதளங்களின் கையில் இல்லை. அதற்கு ஆயத்தமாவது அவற்றின் கையில் உள்ளது. முதலாவதாக, வருவாய் வழிகள் பலவாதல் வேண்டும். வாசகர் சந்தா, நன்கொடை, பயிற்சி வகுப்பு ஆகியவை விளம்பரத்துக்குத் துணை நிற்கும். இரண்டாவதாக, உள்ளூர் வணிகரிடம் நேரடியாக ஆண்டு ஒப்பந்தம் பெறுவது ஏல விலையின் ஏற்ற இறக்கத்தைத் தணிக்கும். மூன்றாவதாக, உணவு, மருந்து, கல்வி போன்ற இன்றியமையாத துறைகளின் விளம்பரதாரரையும் சேர்த்துக்கொள்ளல் வேண்டும். இத்துறைகளில் தேவை எளிதில் குன்றுவதில்லை. நான்காவதாக, வருவாய் பெருகும் காலத்தில் சில மாதச் செலவுக்கான தொகையை ஒதுக்கிவைத்தல் வேண்டும்.

அரசு விளம்பரமும் ஒரு துணையே. 2023இல் மத்திய அரசு வெளியிட்ட மின்னிலக்க விளம்பரக் கொள்கை, தகுதியுள்ள இணையதளங்கள் மத்திய மக்கள் தொடர்பகத்தின் பட்டியலில் இடம்பெற வழிசெய்தது. ஆயினும் ஒரே வாயிலை நம்பும் தவறு இங்கும் பொருந்தும்.

மூன்று மந்தங்களுக்குப் பின்னரும் இணைய விளம்பரச் சந்தை மீண்டெழுந்து முன்னைவிடப் பெரிதாயிற்று. ஆனால் சந்தை மீள்வது வேறு; மீளும்வரை ஒரு தளம் உயிரோடிருப்பது வேறு. 2000ஆம் ஆண்டின் அளவை அமெரிக்கச் சந்தை தாண்டுவதற்கு 2004 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அத்தகைய இடைவெளியைக் கடக்கும் வலிமையை வளமான காலத்திலேயே தேடிக்கொள்வது அறிவுடைமை.