பவளத்திற்கும் சுண்ணாம்பு நீர்

நம் கல்லல் பக்கத்துப் பழைய வீடுகளின் சுவர்கள் பளபளப்பது சுண்ணாம்புப் பூச்சினால் அல்லவா? பவளத்தின் கூடும் சுண்ணாம்புப் பொருளே.

கல்லெனத் தோன்றினாலும் பவளம் ஓர் உயிர்க்கூட்டம். கடல்நீரில் கரைந்துள்ள கால்சியத்தை எடுத்தே அது கூடு கட்டுகிறது. கடலில் அதற்குக் குறைவில்லை. மேல்நாடுகளில் வீட்டுக் கண்ணாடித் தொட்டியில் வளர்ப்போருக்கோ விரைவில் தீர்ந்துவிடும். லிட்டருக்குச் சுமார் 420 மில்லிகிராம் வேண்டும். அவர்கள் செய்வதென்ன தெரியுமா? சுண்ணாம்பை நல்ல நீரில் கலக்கி, வண்டல் படிந்தபின் தெளிநீரை மட்டும் இரவில் சொட்டுச் சொட்டாக விடுகிறார்கள். நாம் ஆய்வுக்கூடத்தில் ஊதிப் பால்நிறமாக்கும் அதே நீர்தான்! அவசரமாக ஊற்றினால் காரம் மிகுந்து பவளம் மடியும்.

ஒளியும் தேவை. பவளத்தினுள் வாழும் நுண்பாசிகள் ஒளியைக் கொண்டு அதற்கு உணவு சமைக்கின்றன. நீர் அதிகம் சூடானால் பாசிகள் நீங்கிப் பவளம் வெளுத்துவிடும். மன்னார் வளைகுடாவிலேயே 2016-இல் அவ்வாறு வெளுத்துப் பல மடிந்தன.

முன்பு அங்கே பவளப்பாறைகளைப் பெயர்த்துச் சுண்ணாம்புக் காளவாய்களுக்கு அனுப்பினார்கள்! 2001 முதல் நம் நாட்டில் கல்பவளங்களைக் கடலிலிருந்து எடுப்பது குற்றம். ஆகவே நமக்குத் தொட்டி ஆசை வேண்டாம். தூத்துக்குடி ஆய்வாளர்கள் பவளக் கிளைகளைச் சிமெண்டுச் சட்டங்களில் கட்டி, கடலடியிலேயே நட்டு வளர்க்கிறார்கள்.