ஊரணி ஏன் பச்சையாகிறது?

காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான் என்று செட்டிநாட்டில் எந்த ஊருக்குச் சென்றாலும் ஊரணியைக் காணலாம். வற்றாத ஆறு இல்லாத இந்த மண்ணில், மழைநீரைத் தேக்கிக் குடிப்பதற்காக நம் முன்னோர் வெட்டியவை இவை. குடிநீர் ஊரணியில் குளிக்கக் கூடாது, துணி துவைக்கக் கூடாது என்று ஊர்க் கட்டுப்பாடும் இருந்தது.

வரத்துக்கால் வழியே சாக்கடை நீர் சேரும் ஊரணியோ பச்சைக் குழம்பாக மாறிவிடுகிறது. “கழிவுநீரைச் சுத்திகரித்து விட்டால் போதுமே!” என்று நீங்கள் சொல்லக்கூடும். போதுமா? ஆராய்ந்து பார்ப்போம்.

சுத்திகரிப்பு நிலையத்தில் நடப்பது என்ன?

நிலையத்துக்கு வரும் கழிவுநீரிலிருந்து முதலில் கந்தல், குப்பை, மணல் ஆகியவற்றை நீக்குகிறார்கள். பிறகு தொட்டிகளில் காற்றைச் செலுத்துகிறார்கள். அங்கே கோடிக்கணக்கான பாக்டீரியாக்கள் கழிவிலுள்ள கரிமப் பொருள்களை உண்டு பெருகி, சேறாகப் படிகின்றன. 1914-இல் இங்கிலாந்தின் மான்செஸ்டரில் ஆர்டெர்ன், லாக்கெட் என்ற இருவர் வெளியிட்ட முறை இது.

கழிவை நுண்ணுயிர்கள் சிதைப்பதற்கு எவ்வளவு ஆக்ஸிஜன் வேண்டும் என்பதைக் கொண்டு கழிவுநீரின் அழுக்கை அளக்கலாம். வீட்டுக் கழிவுநீரில் இது லிட்டருக்கு 200 முதல் 300 மில்லிகிராம் வரை இருக்கும். நன்றாக இயங்கும் நிலையம் இதை 30-க்கும் கீழே கொண்டுவந்துவிடும். வெளிவரும் நீர் தெளிவாக இருக்கும், நாற்றமும் குறையும்.

தப்பிச் செல்லும் பொருள்

ஆனால் அந்தத் தெளிந்த நீரில் பாஸ்பரஸ் கரைந்திருக்கிறது. ஒரு மனிதரின் உடலிலிருந்து நாள்தோறும் 1 முதல் 2 கிராம் வரை பாஸ்பரஸ் வெளியேறுகிறது. பாக்டீரியாக்கள் தம் வளர்ச்சிக்கு வேண்டிய சிறு பங்கை மட்டுமே எடுத்துக்கொள்கின்றன. மீதி நீரோடு போய்விடுகிறது. பாசிக்கு அது உரம்!

ஒரு கணக்குப் போடுவோம். பாசியின் உலர் எடையில் பாஸ்பரஸ் ஏறக்குறைய நூற்றில் ஒரு பங்குதான். எனவே 1 கிராம் பாஸ்பரஸ் சுமார் 100 கிராம் பாசியை வளர்க்க வல்லது. அந்தப் பாசி மடிந்து அழுகும்போது ஏறக்குறைய 140 கிராம் ஆக்ஸிஜனை விழுங்கும். 30 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் ஒரு லிட்டர் நீரில் கரைந்திருக்கக் கூடிய ஆக்ஸிஜன் சுமார் 7.5 மில்லிகிராம். அப்படியானால், 1 கிராம் பாஸ்பரஸால் விளையும் பாசி ஏறத்தாழ 19,000 லிட்டர் நீரிலுள்ள ஆக்ஸிஜனைத் தீர்த்துவிட முடியும்.

பகலில் ஒளிச்சேர்க்கையால் ஆக்ஸிஜனைத் தரும் பாசி, இரவில் சுவாசித்து அதையே செலவிடுகிறது. பாசி மண்டிய குளங்களில் விடியற்காலையில் மீன்கள் செத்து மிதப்பது இதனால்தான்.

ஓர் ஏரி மீண்ட கதை

அமெரிக்காவின் சியாட்டில் நகரை ஒட்டிய வாஷிங்டன் ஏரியில், 1950-களில் சுத்திகரித்த கழிவுநீரைத்தான் விட்டுவந்தார்கள். ஆயினும் 1955-இல் மிகையூட்டத்தின் அறிகுறியான ஒருவகை நீலப்பச்சைப் பாசி அங்கே தோன்றியது. எட்மண்ட்சன் என்ற விஞ்ஞானி, காரணம் பாஸ்பரஸே என்று எச்சரித்தார். 1958-இல் மக்கள் வாக்களித்து ஒரு பொது அமைப்பை ஏற்படுத்தினார்கள். 1963 முதல் 1968 வரை கழிவுநீர் முழுவதும் படிப்படியாக ஏரியிலிருந்து திருப்பிவிடப்பட்டது. ஒரு மீட்டர் ஆழம்கூடத் தெளிவாகத் தெரியாதிருந்த ஏரியில், 1970-களில் 3 மீட்டருக்கும் கீழே பார்க்க முடிந்தது.

நமக்கு என்ன பாடம்?

வாஷிங்டன் ஏரியிலிருந்து நீர் வெளியேற வழி உண்டு. நம் ஊரணி நீரோ பெரும்பாலும் வெயிலில் ஆவியாகிறது. ஆவியாவது நீர் மட்டுமே. பாஸ்பரஸ் உள்ளேயே தங்கி, ஆண்டுதோறும் சேர்கிறது. ஆகவே சுத்திகரித்த நீரைக்கூட ஊரணியில் விடுவது நல்லதன்று. படிகாரம் அல்லது இரும்பு உப்புகளைச் சேர்த்துப் பாஸ்பரஸைப் படியவைக்கலாம். தகுந்த முறையில் சுத்திகரித்த நீரைத் தீவனப் பயிருக்குப் பாய்ச்சினால், குளத்தைக் கெடுக்கும் அதே பொருள் அங்கே உரமாகும். கோடையில் வண்டலை வெட்டி வயலுக்கு அடித்த நம் முன்னோர், பாஸ்பரஸ் என்ற பெயரை அறியாமலே அதை வெளியேற்றி வந்தார்கள்!

செய்து பாருங்கள்

1865-இல் இத்தாலிய வானியலறிஞர் செக்கி, ஒரு வெள்ளை வட்டைக் கடலில் இறக்கி நீரின் தெளிவை அளந்தார். நீங்களும் 20 சென்டிமீட்டர் விட்டமுள்ள தகர வட்டை நான்காகப் பிரித்து, கறுப்பும் வெள்ளையும் மாறி மாறிப் பூசுங்கள். அடியில் ஒரு கல்லைக் கட்டி, அளவு குறித்த கயிற்றில் தொங்கவிடுங்கள். பெரியவர் ஒருவர் துணையுடன், நடுப்பகலில் ஊரணிப் படித்துறையிலிருந்து இறக்குங்கள். வட்டு மறையும் ஆழத்தையும், மேலே தூக்கும்போது மீண்டும் தெரியும் ஆழத்தையும் கூட்டி இரண்டால் வகுங்கள்.

மாதம் ஒருமுறை அளந்து, தேதியுடன் குறித்து வையுங்கள். ஓராண்டு முடிந்ததும் வரைபடம் வரைந்து பாருங்கள். மழைக்குப் பின் கலங்குவது சேற்றினாலா, கோடையில் கலங்குவது பாசியினாலா என்பதை நீரின் நிறத்தைக் கொண்டு நீங்களே கண்டுபிடிக்கலாம். அந்த வரைபடத்தைப் பள்ளியிலும் ஊராட்சியிலும் காட்டுங்கள்.