மஞ்சப்பையில் சேர்ந்த மருந்து பில்கள்: எதை, எப்போது அனுப்புவது?

கேள்வி

கும்பகோணம் வாசகி ஒருவரின் மாமியாருக்குச் சர்க்கரையும் ரத்த அழுத்தமும் உண்டு. மாதாமாதம் மாத்திரை, மூன்று மாதத்துக்கு ஒருமுறை ரத்தப் பரிசோதனை. குடும்ப மருத்துவக் காப்பீட்டில் புறநோயாளிச் செலவுக்கு ஆண்டுக்கு 5,000 ரூபாய் உண்டு என்பதால், கடைசியில் சேர்த்து அனுப்பிக்கொள்ளலாம் என்று பில்களை மஞ்சப்பையில் போட்டு வந்திருக்கிறார். இதற்கிடையே ஜனவரி 7-ல் மாமியார் நிமோனியாவுக்காக மருத்துவமனையில் சேர்க்கப்பட்டு, 12-ல் வீடு திரும்பினார். மருத்துவமனை பில் கேஷ்லெஸ் முறையில் அடைந்துவிட்டது. முன்னும் பின்னும் ஆன எக்ஸ்-ரே, மருந்துச் செலவெல்லாம் கைக்காசு. பாலிசி ஏப்ரல் 30-ல் முடிகிறது. ஏப்ரல் முதல் வாரம்தான் பையைக் கொட்டிப் பார்த்திருக்கிறார். கெடு தாண்டிவிட்டதா, இனி அனுப்பினால் பணம் வருமா என்பது அவர் கேள்வி.

பதில்

பையில் இருப்பது ஒரே வகை பில் அல்ல, மூன்று வகை. மூன்றுக்கும் தனித்தனிக் கெடு. முதல் வேலை, பில்களைத் தரையில் பரப்பி மூன்றாகப் பிரிப்பதுதான்.

முதல் வகை, மருத்துவமனையில் சேருவதற்கு முன்பு அதே நோய்க்காக ஆன செலவு. 2020 ஏப்ரலில் அறிமுகமான, எல்லா நிறுவனத்திலும் ஒரே வாசகம் கொண்ட ஆரோக்ய சஞ்சீவனி பாலிசியை அளவுகோலாக எடுத்துக்கொள்ளலாம். அதில் சேர்வதற்கு முந்தைய 30 நாள் செலவு கிடைக்கும். வாசகியின் கணக்கில் அது டிசம்பர் 8 முதல். இருமலுக்காக ஜனவரி 2-ல் டாக்டரைப் பார்த்த பில் இதில் வரும். டிசம்பர் 20-ல் வாங்கிய சர்க்கரை மாத்திரை, தேதி பொருந்தினாலும், வராது. அது வேறு நோய்.

இரண்டாவது வகை, வீடு திரும்பிய பிறகு அதே நோய்க்காக ஆன செலவு. ஆரோக்ய சஞ்சீவனியில் இதற்கு 60 நாள், அதாவது மார்ச் 13 வரை. பிப்ரவரியில் எடுத்த மார்பு எக்ஸ்-ரே இந்தக் கட்டில் சேரும்.

அனுப்பும் கெடுவும் வேறு வேறு. முதல் வகையை டிஸ்சார்ஜ் ஆன 30 நாளுக்குள் அனுப்ப வேண்டும். வாசகிக்கு அது பிப்ரவரி 11. இரண்டாவது வகையை, பிந்தைய சிகிச்சை முடிந்த 15 நாளுக்குள் அனுப்ப வேண்டும். சிகிச்சை 60-ஆம் நாள் வரை நீண்டிருந்தாலும் மார்ச் 28-ஓடு சரி. மற்ற பாலிசிகளில் இந்த நாள்கணக்கு கூடலாம், குறையலாம். சொந்தப் பாலிசியின் வாசகமே கணக்கு.

இங்கேதான் பலர் பணத்தை விடுகிறார்கள். மருத்துவமனை பில்லை நிறுவனமே கட்டிவிட்டதால் கணக்கு முடிந்தது என்று நினைத்துவிடுகிறார்கள். கேஷ்லெஸ் என்பது உள்ளே இருந்த நாட்களுக்கு மட்டும். முன்னும் பின்னும் கையிலிருந்து போன பணத்துக்குத் தனியாகப் படிவம் நிரப்பிக் கேட்டால்தான் வரும்.

மூன்றாவது வகை, அன்றாட மாத்திரையும் பரிசோதனையும். சாதாரண மருத்துவக் காப்பீடு இதைத் தருவதில்லை. புறநோயாளிப் பிரிவு இருக்கும் பாலிசியில் மட்டும் கிடைக்கும். ஒவ்வொரு பில்லுக்கும் நாள் குறிப்பவை உண்டு, சேர்த்து அனுப்ப அனுமதிப்பவையும் உண்டு. செலவு அந்தப் பாலிசி ஆண்டுக்குள் ஆகியிருக்க வேண்டும். வாசகம் வேறு மாதிரி சொல்லாத வரை, மிச்சத் தொகை அடுத்த ஆண்டுக்கு வரும் என்று எண்ணக்கூடாது. ஆகவே வாசகி ஏப்ரல் 30 வரை காத்திருக்காமல் இந்தக் கட்டை முதலில் அனுப்பிவிடட்டும்.

சரி, முதல் இரண்டு கட்டுக்கும் கெடு போய்விட்டதே?

போனது கெடுதான், உரிமை அல்ல. காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2011 செப்டம்பர் 20-ல் எல்லா நிறுவனங்களுக்கும் ஒரு சுற்றறிக்கை அனுப்பியது. உண்மையான கிளெய்மைத் தாமதம் என்ற ஒரே காரணத்துக்காக இயந்திரம்போலத் தள்ளக்கூடாது என்பது அதன் சாரம். உச்ச நீதிமன்றமும் இதே வழியில் நின்றிருக்கிறது. லாரி திருட்டு பற்றிய ஓம் பிரகாஷ் வழக்கில் (2017), எட்டு நாள் தாமதத்துக்கு உரிமையாளர் சொன்ன காரணம் ஏற்கத்தக்கது என்று இழப்பீடு தர உத்தரவிட்டது. டிராக்டர் திருட்டு பற்றிய குர்ஷிந்தர் சிங் வழக்கில் (2020), போலீசில் உடனே புகார் தந்தவரின் உண்மையான கிளெய்மை, நிறுவனத்துக்குத் தாமதமாகச் சொன்னார் என்பதற்காக மறுக்க முடியாது என்று மூன்று நீதிபதிகள் அமர்வு தீர்ப்பளித்தது. இரண்டும் வாகன வழக்குகள்தான். ஆனால் 2011 சுற்றறிக்கை மருத்துவக் காப்பீட்டையும் சேர்த்தே அனுப்பப்பட்டது.

அதற்காகப் பொய்க் காரணம் எழுதக்கூடாது. நோயாளியைப் பார்த்துக்கொண்ட அலைச்சல், தனியாக கிளெய்ம் செய்ய வேண்டும் என்று தெரியாமல் போனது என நடந்ததை நடந்தபடி ஒரு பக்கக் கடிதமாக எழுதினால் போதும். கூடவே டிஸ்சார்ஜ் சம்மரி நகல், டாக்டரின் மருந்துச் சீட்டு, பில், பரிசோதனை முடிவு. சீட்டில் இல்லாத மருந்துக்குப் பணம் வராது. ஒரே பில்லை இரண்டு கட்டிலும் வைக்கக்கூடாது. அது மோசடியாகப் பார்க்கப்படும்.

இன்னொன்று. மருந்துக்கடை மெஷினில் வரும் வழவழப்பான பில்லை வெயில் படும் அலமாரியில் வைத்தால் சில மாதத்தில் எழுத்து மங்கி வெள்ளைத்தாள் ஆகிவிடும். வாங்கிய அன்றே செல்போனில் படம் எடுத்து, ஒரு ஜெராக்ஸும் போட்டு அசலோடு வைப்பது நல்லது. மங்கிப்போனதற்குக் கடையிலேயே நகல் பில் கேட்டு, முத்திரையோடு வாங்கலாம்.

அனுப்பிய பிறகும் மறுத்தால், எந்த விதியின்படி மறுக்கிறார்கள் என்பதை எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும். முதலில் நிறுவனத்தின் குறைதீர்ப்பு அதிகாரியிடம் புகார். ஒரு மாதத்தில் பதில் இல்லை அல்லது பதில் திருப்தி இல்லை என்றால், ஓராண்டுக்குள் சென்னையில் உள்ள காப்பீட்டு ஆம்புட்ஸ்மேனிடம் போகலாம். கட்டணம் கிடையாது, வக்கீலும் தேவையில்லை. மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போக இரண்டு ஆண்டு அவகாசம் உண்டு.

இந்த வாரமே மூன்று கட்டையும் மூன்று உறையில் போட்டு, ஒவ்வொன்றின் மேலும் பாலிசி எண்ணையும் மொத்தத் தொகையையும் எழுதி, ஸ்பீட் போஸ்டிலோ கிளை அலுவலகத்தில் நேரிலோ கொடுத்து, தேதியோடு ரசீது வாங்கிக்கொள்ளட்டும். பின்னால் தகராறு வந்தால், என்று கேட்டார் என்பதற்கு அந்த ரசீதுதான் சாட்சி.