ஒரு வால்மீனும் ஆங்கிலக் காலங்களும்

இயற்பியல் ஆசிரியருக்கு ஆங்கில இலக்கணத்தில் என்ன வேலை என்று நீங்கள் கேட்கக்கூடும். செய்முறைக் குறிப்பேடுகளைத் திருத்துகிறவர்களுக்கு அந்த வேலை தானாகவே வந்து சேர்கிறது. சோதனையைச் சரியாகச் செய்த மாணவனும், அதை எழுதும்போது வினைச்சொல்லின் காலத்தை மாற்றிவிட்டால், கண்டது ஒன்று, சொல்வது வேறொன்று என்றாகிவிடும்.

ஓர் உதாரணம் பாருங்கள். பீக்கரில் நீரைக் கொதிக்க வைத்தீர்கள். வெப்பமானி 99 டிகிரி காட்டியது. 'தி வாட்டர் பாயில்டு அட் 99 டிகிரீஸ்' என்று எழுதினால், அன்று அந்த நீர் அந்த வெப்பநிலையில் கொதித்தது என்று பொருள். 'வாட்டர் பாயில்ஸ் அட் 99 டிகிரீஸ்' என்று எழுதினாலோ, நீர் எப்போதுமே 99 டிகிரியில்தான் கொதிக்கும் என்று ஒரு விதியையே அறிவித்துவிட்டீர்கள்! முன்னதற்கு உங்கள் வெப்பமானி சாட்சி. பின்னதற்குச் சாட்சி ஏது?

ஆகவே காலங்களைப் பட்டியலாக மனப்பாடம் செய்தால் மட்டும் போதாது. எந்தக் காலம் எந்தச் செய்தியைச் சொல்கிறது என்று புரிந்துகொள்ள வேண்டும். இதற்கு வானத்திலிருந்தே ஒரு துணையை அழைப்போம். அதுதான் ஹாலி வால்மீன்.

இங்கிலாந்தின் வானியல் அறிஞர் எட்மண்ட் ஹாலி 1682-இல் ஒரு வால்மீனைக் கண்டார். 1531, 1607 ஆகிய ஆண்டுகளில் தோன்றியதும் இதுவே என்று கணக்கிட்டு, 1758-இல் மீண்டும் வரும் என்று 1705-இல் அறிவித்தார். இனி, இதன் கதையை ஆங்கிலத்தில் சொல்லிப் பார்ப்போம்.

1. 'ஹாலி சா தி காமெட் இன் 1682.' இது சிம்பிள் பாஸ்ட். நிகழ்ச்சி முடிந்துவிட்டது, நடந்த ஆண்டும் தெரியும். வாக்கியத்தில் ஆண்டு, தேதி, 'யெஸ்டர்டே', 'அகோ' போன்ற சொற்கள் வந்தால் பெரும்பாலும் இக்காலமே பொருந்தும்.

2. 'தி காமெட் கோஸ் ரவுண்ட் தி சன் ஒன்ஸ் இன் அபவுட் 76 இயர்ஸ்.' இது சிம்பிள் பிரசென்ட். வழக்கமாக நிகழ்வதையும் இயற்கை விதிகளையும் இதனால் சொல்ல வேண்டும். இங்கேதான் நம் மாணவர்கள் அதிகம் இடறுகிறார்கள். தமிழில் 'தீ சுடும்', 'சூரியன் கிழக்கே உதிக்கும்' என்கிறோம். 'நாளை வரும்' என்பதிலும் அதே 'உம்' வருகிறது. அதனால் 'தி சன் வில் ரைஸ் இன் தி ஈஸ்ட்' என்று எழுதத் தோன்றுகிறது. 'தி சன் ரைசஸ்' என்பதே சரி. முக்காலத்துக்கும் பொதுவானதை நிகழ்காலத்தால் சொல்வதை நன்னூலும் கூறுகிறது. 'மலை நிற்கிறது' என்பது உரைகாரர்கள் காட்டும் உதாரணம். அதை நினைவில் வைத்துக்கொண்டால் பிழை வராது.

3. 'இட் இஸ் மூவிங் டுவர்ட்ஸ் தி சன் நௌ.' இது பிரசென்ட் கண்டினுவஸ். 2023 டிசம்பரில் சூரியனிலிருந்து மிகத் தொலைவான இடத்தை அடைந்த வால்மீன், இப்போது திரும்பி வந்துகொண்டிருக்கிறது. இந்தக் கணத்தில் நடந்துகொண்டிருக்கும் செயலுக்கே இக்காலம் உரியது. செயலாக இல்லாமல் நிலையாக இருப்பவற்றுக்கு இது ஆகாது. 'ஐ ஆம் நோயிங்' அன்று, 'ஐ நோ'. 'தி பாட்டில் இஸ் கன்டெய்னிங் ஆசிட்' அன்று, 'கன்டெய்ன்ஸ் ஆசிட்'.

4. 'மென் ஹேவ் வாட்ச்டு திஸ் காமெட் ஃபார் மோர் தேன் 2000 இயர்ஸ்.' இது பிரசென்ட் பெர்ஃபெக்ட். கி.மு. 240-லேயே சீனர்கள் இதைக் குறித்து வைத்தார்கள். மனிதர் இதைப் பார்ப்பது இன்றும் முடியவில்லை. இறந்தகாலத்தை இன்றோடு இணைக்கும் பாலம் இக்காலம். ஆனால் முடிந்துபோன ஒரு தேதியை இதனோடு சேர்க்கக் கூடாது. காலையில் ஈரத் தரையைப் பார்த்து, 'நேற்று இரவு மழை பெய்திருக்கிறது' என்று தமிழில் சொல்லலாம். ஆங்கிலத்தில் 'இட் ஹேஸ் ரெய்ண்டு லாஸ்ட் நைட்' என்பது பிழை. 'இட் ரெய்ண்டு லாஸ்ட் நைட்' என்றே சொல்ல வேண்டும்.

5. 'வென் தி காமெட் ரிடர்ன்டு இன் 1758, ஹாலி ஹேட் ஆல்ரெடி டைடு.' இது பாஸ்ட் பெர்ஃபெக்ட். 1742-இல் மறைந்த ஹாலி, தம் கணக்கு பலித்ததைக் காணவில்லை. இறந்தகாலத்து நிகழ்ச்சிகள் இரண்டு இருந்து, எது முந்தியது என்று காட்ட வேண்டும்போதே 'ஹேட்' தேவை. நிகழ்ச்சி ஒன்றே ஒன்றென்றால் அது வேண்டாம். 'ஐ ஹேட் கான் டு மதுரை யெஸ்டர்டே' என்று மட்டும் எழுதி நிறுத்தினால், கேட்பவர் 'எதற்கு முன்பு?' என்று காத்திருப்பார்.

6. 'தி காமெட் வில் ரிடர்ன் இன் 2061.' இது எதிர்காலம். ஆனால் 'வென்' என்று தொடங்கும் பகுதியில் 'வில்' வராது. 'வென் இட் ரிடர்ன்ஸ், வீ வில் சீ இட்' என்பதே சரியான வாக்கியம்.

இப்போது உங்கள் குறிப்பேட்டுக்கு வருவோம். நீங்கள் செய்ததையும் கண்டதையும் இறந்தகாலத்தில் எழுதுங்கள்: 'தி லென்த் ஆஃப் தி பெண்டுலம் வாஸ் மெஷர்டு.' விதியை நிகழ்காலத்தில் எழுதுங்கள்: 'தி பீரியட் டிபெண்ட்ஸ் ஆன் தி லென்த்.' இவ்வாறு பிரித்து எழுதினால், எது உங்கள் அளவீடு, எது உலகம் ஏற்ற விதி என்பது படிப்பவருக்குத் தெளிவாகிவிடும். மதிப்பெண்ணைவிட இது முக்கியம். அறிவியலில் நேர்மை என்பதும் இதுவே அல்லவா?

பயிற்சி: இவற்றை ஆங்கிலத்தில் எழுதிப் பாருங்கள். (அ) சூரிய ஒளி பூமியை அடைய ஏறத்தாழ 8 நிமிடம் ஆகும். (ஆ) சர் சி. வி. ராமன் 1930-இல் நோபல் பரிசு பெற்றார். (இ) இந்தியா நிலவில் ஒரு விண்கலத்தை இறக்கியிருக்கிறது.

விடைக்கான வினைகள்: (அ) டேக்ஸ், 'வில் டேக்' அன்று. (ஆ) ரிசீவ்டு. (இ) ஹேஸ் லேண்டட். இதில் 2023 ஆகஸ்ட் 23 என்ற தேதியைச் சேர்த்தால் 'ஹேஸ்' போய், 'லேண்டட்' மட்டும் நிற்கும். ஏன் என்று உங்களுக்கே இப்போது தெரியும்!

2061-இல் உங்களுக்கு ஐம்பது வயதையொட்டி இருக்கும். அன்று வால்மீனைக் காணும்போது, உங்கள் பிள்ளைகளுக்கு வானியலோடு இந்த ஆறு வாக்கியங்களையும் சொல்லிக்கொடுங்கள்.