ஒரு தையலும் ஒன்பது தையலும்

இந்த மாதம் நாம் பார்க்கப்போவது எல்லாருக்கும் தெரிந்த ஓர் ஆங்கிலப் பழமொழி: 'எ ஸ்டிட்ச் இன் டைம் சேவ்ஸ் நைன்'. பள்ளியில் மனப்பாடம் செய்திருப்போம். ஆனால் "நைன்னா என்ன ஒம்பது?" என்று தம்பி தங்கைகளைக் கேட்டுப் பாருங்கள். சிலர் "ஒம்பது நிமிஷம்" என்பார்கள். 'டைம்' என்ற சொல்லால் வருகிற குழப்பம் அது.

பொருள் என்ன?

ஒன்பது என்றால் ஒன்பது தையல். சட்டையில் சின்னதாக ஒரு கிழிசல். அன்றைக்கே ஒரு தையல் போட்டால் வேலை முடிந்தது. விட்டுவிட்டால் கிழிசல் நீளும். பிறகு ஒன்பது தையல் போட வேண்டிவரும். 1732-இல் தாமஸ் ஃபுல்லர் இங்கிலாந்தில் வெளியிட்ட பழமொழித் தொகுப்பிலேயே இது இருக்கிறது. ஒன்பது என்பது கணக்குப் போட்டுக் கண்டுபிடித்த எண் இல்லை. 'டைம்', 'நைன்' இரண்டும் ஓசையில் ஒத்துப்போகின்றன, அவ்வளவுதான்.

இதை 'வருமுன் காப்போம்' என்று மொழிபெயர்ப்பவர்கள் உண்டு. கொஞ்சம் வித்தியாசம் இருக்கிறது. வருமுன் காப்பது என்றால், கிழிசல் விழுவதற்கு முன்பே கவனமாக இருப்பது. மழைக்கு முன் குடையைத் தயார் செய் என்று மலாயில் சொல்வதும் அதே வகை. நம்முடைய பழமொழியிலோ கிழிசல் ஏற்கெனவே விழுந்துவிட்டது. கண்ணுக்கும் தெரிகிறது. இப்போது என்ன செய்யப்போகிறோம் என்பதுதான் கேள்வி. தமிழில் இதற்கு நெருக்கமானது, 'நகத்தால் கிள்ள வேண்டியதைக் கோடரியால் வெட்டாதே' என்பது. செடி முளைத்துவிட்டது, ஆனால் இன்னும் நகத்துக்கு அடங்கும்.

கிழிசல் ஏன் பெரிதாகிறது?

நான் செலாயாங்கில் இருந்துகொண்டு பொறியியல் படிக்கிறேன். இந்தப் பழமொழியைக் கேட்டதும் எனக்கு ஞாபகம் வருவது ஹைலண்ட் டவர்ஸ். எங்கள் பக்கத்திலிருந்து எம்.ஆர்.ஆர். 2 சாலையைப் பிடித்தால் உலு கிள்ளான் போய்விடலாம். அங்கே மலையடிவாரத்தில் 12 மாடிகள் கொண்ட மூன்று கட்டடங்கள் இருந்தன. 1993 டிசம்பர் 11, சனிக்கிழமை மதியம், முதல் கட்டடம் அப்படியே சாய்ந்தது. 48 பேர் இறந்தார்கள்.

கட்டடத்தைச் சாய்த்தது நிலச்சரிவு. நிலத்தைச் சரித்தது தண்ணீர். பின்னால் இருந்த மலையில் ஓடிய சிற்றோடையைக் குழாய் வழியாகத் திருப்பிவிட்டிருந்தார்கள். மேலே மரங்களை வெட்டிப் புதிய கட்டுமானம் நடந்தபோது அந்தத் தண்ணீரும் மண்ணும் அதே குழாயில் சேர்ந்தன. குழாய் தாங்கவில்லை. வடிகால்களும் போதவில்லை. பல நாள் தொடர் மழையில் மண் ஊறியது. ஊறிய மண்ணுக்கு எடை கூடும், பிடிமானம் குறையும். தடுப்புச் சுவர்கள் விழுந்தன. மண் கட்டடத்தின் அடித்தளத்தையே தள்ளிவிட்டது.

தண்ணீர் செய்கிற சேதம் ஒரே வேகத்தில் போவதில்லை, கவனியுங்கள். அடைபட்ட லோங்காங் மண்ணை ஊறவைக்கும். ஊறிய மண் சுவரைத் தள்ளும். விரிசல் விட்ட சுவருக்குள் இன்னும் தண்ணீர் புகும். ஒரு சேதம் அடுத்த சேதத்துக்கு வழி திறக்கிறது. ஒன்று ஒன்பதாவது இப்படித்தான்.

அந்தத் தையலை யார் போட்டிருக்க வேண்டும்? 2000-இல் உயர் நீதிமன்றம் ஒருவரை மட்டும் கைகாட்டவில்லை. மேம்பாட்டாளர், கட்டடக் கலைஞர், பொறியாளர், ஊராட்சி மன்றம், அக்கம்பக்க நில உரிமையாளர்கள் என்று பொறுப்பைப் பகிர்ந்தது. மேல்முறையீட்டில் சில பகுதிகள் மாறின. ஆனால் பாடம் மாறவில்லை: "அது என் வேலை இல்ல" என்று ஒவ்வொருவரும் விட்டுவிட்ட இடத்தில்தான் கிழிசல் நீள்கிறது.

இன்னோர் உதாரணம் எங்களுக்கு இன்னும் பக்கம். அதே எம்.ஆர்.ஆர். 2 சாலையின் கெப்போங் மேம்பாலம். 2004-இல் அதன் 33 தூண்களில் 31-இல் விரிசல் தெரிந்தது. 2006-இலும் 2008-இலும் பாலத்தை மூடினார்கள். ஜாம் தாங்க முடியாமல் எல்லாரும் திட்டினார்கள். செலவும் நிறைய. ஆனாலும் பாலம் யார் தலைமீதும் விழவில்லை. தையல் போடும்போது ஊசி குத்தத்தான் செய்யும்.

நம் சமயத்தில் இது இல்லையா?

இருக்கிறது. கோயிலில் 12 ஆண்டுக்கு ஒருமுறை திருப்பணி செய்து கும்பாபிஷேகம் நடத்துவது மரபு. அப்போது மூர்த்தியைப் பீடத்தோடு பிணைக்கும் அஷ்டபந்தன மருந்தையும் புதிதாகச் சாத்துகிறார்கள். பொறியியலில் இதற்குக் காலமுறைப் பராமரிப்பு என்று பெயர்.

அப்பர் பெருமானை நினைத்துப் பாருங்கள். கையில் உழவாரம். கோயில் கோயிலாகப் போய்ப் புல்லையும் முளைத்த செடியையும் செதுக்கினார். கோபுர இடுக்கில் ஓர் அரசங்கன்று முளைத்தால் இன்று விரலால் பிடுங்கலாம். வேர் பிடித்துவிட்டால் கோபுரத்தையே பிளக்கும். இது யார் கோயில், யார் வேலை என்று அவர் கேட்டுக்கொண்டிருக்கவில்லை. நாம் செய்கிற உழவாரப் பணியின் அர்த்தமும் அதுதான்.

அன்றாடத்தில்

• உடம்பு: பல்லில் சின்னக் கரும்புள்ளி இருக்கும்போது அடைத்தால் போதும். வலி வரட்டும் என்று காத்திருந்தால் பல்லே போகும்.

• மோட்டர்: பிரேக் கட்டை தேய்ந்து சத்தம் வந்தால் அன்றைக்கே மாற்றுங்கள். கட்டை மலிவு, டிஸ்க் விலை அதிகம், உயிருக்கு விலையே இல்லை.

• பத்திரங்கள்: 1982 மார்ச் 1 முதல் முஸ்லிம் அல்லாதார் திருமணத்தைச் சட்டப்படி பதிந்தாக வேண்டும். "கோயில்ல தாலி கட்டியாச்சு, பதிவ அப்புறம் பாத்துக்கலாம்" என்று விட்டால், தாய்க்குக் குடியுரிமை இல்லாத நிலையில் தந்தை மலேசியராக இருந்தாலும் பிள்ளைக்குக் குடியுரிமை கிடைக்காமல் போகலாம். ஒரு கையெழுத்தோடு முடிந்திருக்க வேண்டியது. அப்புறம் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வருடக்கணக்கில் அலுவலகம் அலுவலகமாக அலைய வேண்டும்.

• உறவு: நண்பனோடு மனஸ்தாபமா? அந்த வாரமே "டேய், வா தண்ணி குடிக்கப் போலாம்" என்று கூப்பிட்டுவிடுங்கள்.

ஒரு விஷயம் மட்டும் கவனம். யாருக்காவது கஷ்டம் வந்த பிறகு இந்தப் பழமொழியைச் சொல்லிக் குத்திக்காட்டாதீர்கள். ஒன்பது தையல் போட்டுக்கொண்டிருப்பவருக்குத் தேவை நம் கை, நம் வாய் இல்லை.

இந்த மாதப் பயிற்சி

ஒரு தாளில் மூன்று கிழிசல்களை எழுதுங்கள்: உங்கள் வீட்டில் ஒன்று, உங்களிடம் ஒன்று, யாருக்கும் சொந்தமில்லாத பொது இடத்தில் ஒன்று. அடுத்த வகுப்புக்குள் மூன்றுக்கும் ஒவ்வொரு தையல் போடுங்கள். பொது இடத்தில் நம்மால் ஆகாததென்றால், படம் எடுத்து ஊராட்சி மன்றத்துக்குப் புகார் கொடுப்பதும் ஒரு தையல்தான். மூன்றாவதை முதலில் முடித்துவிடுங்கள்.