சயாம் ரயில் பாதையில் நம்மவர்கள்

சென்ற ஞாயிறு தமிழ் வகுப்பில் பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்தி தன் ஆங்கிலப் பாடநூலில் உள்ள ஆன் பிராங்க் நாட்குறிப்பைப் பற்றிச் சொன்னாள். "யூதர்கள் பட்ட பாட்டை அந்தப் பெண் எழுதி வைத்தாள். போரில் நம்மவர்களுக்கு ஒன்றும் நேரவில்லையா மாமா?" என்று கேட்டாள். லேக் மார்க்கெட்டில் காய் வாங்கி வீடு திரும்பும்வரை அந்தக் கேள்வி என்னை விடவில்லை. இம்மாதப் பாடம் அதற்குப் பதில்.

1942 பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூர் ஜப்பானியரிடம் வீழ்ந்தது. பர்மாவிலிருந்த தம் படைக்குத் தளவாடம் அனுப்ப, சயாமிலிருந்து காட்டையும் மலையையும் குடைந்து 415 கிலோமீட்டர் ரயில் பாதை போட்டார்கள். (அதே ஆண்டு டிசம்பரில் நம் கல்கத்தாவிலும் ஜப்பானியக் குண்டுகள் விழுந்தன.) மலாயாவில் ரப்பர் ஏற்றுமதி நின்று தோட்டங்கள் பட்டினி கிடந்தன. சில மாத வேலை, நல்ல கூலி என்று ஆசை காட்டித் தமிழர்களை ரயிலேற்றினார்கள். ஆள் குறைந்ததும் பிடித்தே கொண்டுபோனார்கள்.

என் பெரியம்மா ஒருவர் பேராக்கில் பால்மரம் சீவியவர். 17 வயதில் கணவரோடு போனார். 1945இல் தனியே திரும்பினார். நான் சிறுவனாக இருந்தபோது ஊருக்கு வந்தவர், அதைப் பற்றி அதிகம் பேசமாட்டார். மழை, சேறு, கஞ்சி, கருவாடு என்பார். "கொட்டகையில் என்னைச் சமையலுக்கு வைத்தார்கள். கொதித்த தண்ணீர் குடித்தேன், பிழைத்தேன்" என்று ஒருமுறை சொன்னார்.

அந்த ஒரு வாக்கியத்தில் பெரிய உண்மை இருக்கிறது. 1943 மழைக்காலத்தில் காலரா பரவியது. சிறைப்பட்ட வெள்ளைக்கார சிப்பாய்களோடு அவர்களுடைய அதிகாரிகளும் டாக்டர்களும் இருந்தார்கள். தண்ணீரைக் காய்ச்சாமல் தொடாதே என்று கண்டித்தார்கள். தமிழர் முகாம்களில் அப்படிச் சொல்ல ஆளில்லை. ஆற்றுநீரைக் குடித்துக் கூட்டம் கூட்டமாக மடிந்தார்கள்.

சிப்பாய்கள் சுமார் 60,000 பேரில் 12,000க்கு மேல் இறந்தனர். ஆசியத் தொழிலாளர்களோ இரண்டு லட்சம் அளவில். இறந்தோர் 90,000 வரை என்பது மதிப்பீடுதான். பெயர் எழுதி வைத்தவர் யார்? காஞ்சனபுரியில் சிப்பாய்களுக்குப் பெயர் பொறித்த கல்லறைகள் வரிசையாக நிற்கின்றன. 1957இல் வந்த குவாய் நதிப் பாலம் படத்தையும் இலங்கையில்தான் எடுத்தார்கள். கதையில் நம்மவர்களைத் தேடினால் கிடைக்கமாட்டார்கள்.

எழுதியவர்கள் மலேசியத் தமிழர்களே. ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்', அ. ரெங்கசாமியின் 'நினைவுச் சின்னம்' இரண்டும் நாவல்கள். பெரிய பிள்ளைகள் படிக்கலாம்.

வீட்டுப்பாடம்: உங்கள் குடும்பத்தில் பர்மாவிலோ மலாயாவிலோ இருந்தவர் உண்டா? பாட்டி தாத்தாவிடம் கேட்டு, பெயர், ஊர், ஆண்டு மூன்றையும் தமிழில் எழுதி அடுத்த ஞாயிறு கொண்டுவாருங்கள்.